எங்க வீட்டு ஒட்டகம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்தச் சேர்ல உக்காராதீங்க, கால் ஆடும். இதுல இருங்க. தேரி சார் வீடு எதுன்னு கேட்டு வந்தீங்கள்லா, அது நான்தான். பேரு சுயம்புலிங்கம். ஐஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். உடன்குடியில யாருகிட்ட கேட்டாலும் கைகாட்டியிருப்பாங்க.

யூடியூப்ல பாத்துட்டு வந்ததாச் சொல்லுதீங்க. சிவப்பு மணல் மேடு மேடாக் கிடக்கும், தமிழ்நாட்டுக்குள்ளயே ஒரு பாலைவனம், மயிலும் குள்ளநரியும் திரியும், சார் விசில் அடிச்சிக் கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் காட்டுவாருன்னு அதுல வந்திருக்கும். அது பழைய வீடியோ தம்பி. நான் இப்பம் தேரிக்குப் போறதில்ல. போன சித்திரையோட நிறுத்தியாச்சி.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இப்பம் சொன்னாக்கூட குனிஞ்சி தண்டால் எடுப்பேன். போகக் கூடாதுன்னு யாரும் சொல்லவும் இல்ல. வெக்கமா இருக்கு, அதான் போகல. அறுபது தாண்டின ஆம்பள வெக்கம்னு சொன்னா உங்களுக்குச் சிரிப்பா வரும்.

எந்திரிக்காதீங்க, இருங்க. மதுரையில இருந்து இம்புட்டுத் தூரம் வந்துட்டு வெறும் வாயோட போறதா? என் வீட்டுக்காரி வெளிய போயிருக்கா, வந்ததும் காப்பி போடுவா. அதுவரைக்கும் ஏன் போறதில்லன்னு சொல்லுதேன். உள்ளூருல எல்லாருக்கும் பாதி தெரிஞ்ச கததான். ஆனா என் வாயால நான் யாருகிட்டயும் முழுசாச் சொன்னதில்ல. நீங்க வெளியூரு, இன்னைக்குப் பாத்தா இனி எப்பம் பாக்கப் போறோம்.

என் வீட்டுக்காரி பேரு பிரம்மசக்தி. நான் சக்திம்பேன். அவளும் டீச்சர்தான். தேரிய ஒட்டி ஒரு ஊரு, பேரு வேண்டாம், அங்க அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் உள்ள சின்னப் பள்ளிக்கூடம். இவளும் எஸ்தர் டீச்சரும் ரெண்டே பேருதான். அந்தப் பள்ளிக்கூடத்துலயே சேந்து, அந்தப் பள்ளிக்கூடத்துலயே ரிட்டயர் ஆனா. தினமும் காலையில நான்தான் பைக்ல கொண்டு விடுவேன். சாயங்காலம் நான்தான் கூட்டிட்டு வருவேன். ஒரு நாளு தவறுனது இல்ல. அத நீங்க மனசுல வச்சிக்கிடணும்.

ரிட்டயர் ஆன புதுசுல ரெண்டு பேருக்கும் வீடு கொள்ளல. எனக்குச் சும்மா இருக்க வராது. அடுப்படியில போயி டப்பாவ எல்லாம் உயர வரிசைப்படி அடுக்கி வச்சேன். அவளுக்கு உளுந்து எங்க இருக்குன்னு தெரியல, சீனி எங்க இருக்குன்னு தெரியல. கடைசியில, ‘ஏங்க, நீங்க எங்கயாவது போயிட்டு வாங்களேன்’னு கையெடுத்துக் கும்பிட்டா. சரின்னு தேரிக்குக் கிளம்புனேன். தனியாப் போகல, அவளையும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போனேன். எத்தன பேரு ரிட்டயர் ஆனா பெண்டாட்டியக் கூட்டிட்டு வெளிய போறான் சொல்லுங்க.

ஆரம்பத்துல நாங்க ரெண்டே பேரு. வெயில் தாழப் போவோம். பனைக்கூட்டத்தத் தாண்டி, கொல்லாமரம், அதான் முந்திரி, எல்லாம் முடிஞ்ச பொறவு, வெறும் மணலு. காத்து அடிக்க அடிக்க மேடு இடம் மாறும், இன்னைக்குப் பாத்த மேடு அடுத்த வருசம் அங்கன இருக்காது. அங்கங்க உடைமரம் கொடை பிடிச்ச மாதிரி நிக்கும். அவளுக்குக் குழியானைன்னா உசிரு. மணல்ல புனல் கணக்கா சின்னச் சின்னக் குழி இருக்கும் பாத்திருக்கீங்களா, உள்ள ஒரு பூச்சி ஒளிஞ்சிக் கிடக்கும். அதுக்கிட்ட குத்தவச்சி உக்காந்து, புல்ல விட்டு ஆட்டிக்கிட்டே இருப்பா. ஒரு நாளு நான் பாட்டுக்கு மண்ணு ஏன் சிவப்பா இருக்குன்னு விளக்கிட்டு வாறேன், அவ என் கையப் பிடிச்சி அமுக்குனா. பாத்தா எதுத்த மேட்டுல குள்ளநரி, ரெண்டு குட்டியோட. நரி போனதுக்கு அப்புறமும் அவ கைய எடுக்கல. அப்படி அவ என் கையப் பிடிச்சி ரொம்ப வருசம் ஆயிருந்திச்சி தம்பி.

அதோட விட்டிருக்கலாம். ரெண்டு பேரா போயிட்டு வந்திருக்கலாம்.

எனக்குத்தான் கூட்டம் வேணும்லா. வாழ்நாள் பூரா கூட்டத்துக்கு முன்னால நின்னவன். போஸ்ட் மாஸ்டரா இருந்த ஞானமுத்து அண்ணாச்சி வந்தாவ. அவிய இன்னும் ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தாவ. எல்லாம் ரிட்டயர் ஆன ஆம்பளைங்க. பழைய விசில எடுத்து மாட்டிக்கிட்டேன். ஒத்த வரிசை, பேச்சு கூடாது, பிளாஸ்டிக் போடக் கூடாது, ஒவ்வொருத்தர் கையிலயும் தண்ணி பாட்டில் இருக்கணும். நான் விசில் அடிச்சா எல்லாரும் நின்னு தண்ணி குடிக்கணும். தாகம் எடுத்துக் குடிக்கப்படாது, தாகம் எடுக்குமுன்ன குடிக்கணும். அதான் என் சட்டம். பிள்ளைகளுக்கும் அதத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

எல்லாரும் குடிப்பாங்க, இவ மட்டும் குடிக்க மாட்டா. பாட்டில் கையில இருக்கும், மூடியத் தொறக்க மாட்டா. நானும் சொல்லிப் பாத்தேன். ‘எனக்கு வேண்டாம்’பா. கொண்டு போன தண்ணி அப்படியே வீடு வந்து சேரும். வேகாத வெயில்ல இந்தத் தேரியில ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம நடக்கிறது லேசான காரியமா? எனக்கு உள்ளுக்குள்ள பெருமையாத்தான் இருந்திச்சி. டவுன்ல இருந்து வந்தவங்க, ‘பாலைவனம்னு சொல்லுதீங்க, ஒட்டகம் இல்லையா சார்’னு கேப்பாங்க. நான் உடனே இவளக் காட்டி, ‘இந்தா நிக்குல்லா எங்க வீட்டு ஒட்டகம், தேரிக்குன்னே பொறந்தது’ம்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. சிரிக்காம இருந்ததே இல்ல தம்பி. அப்புறம் அதுவே பேராப் போச்சி. வீடியோவுலயும் வந்திச்சி. வாறவங்க என் பேரச் சொல்லாட்டியும் ஒட்டகம் ஆன்ட்டி எங்கன்னு கேப்பாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். நான் அவள எப்படி நடத்துனேன்னு நீங்க தெரிஞ்சிக்கிடணும்.

கூட்டம் சேந்த புதுசு. ஒரு நாளு நல்ல உள்ளுக்குள்ள போயிட்டோம். நாலு பக்கமும் மணலு, ஒரு மரம் கிடையாது. இவ பைய வரிசைய விட்டு என் பக்கத்துல வந்து, ‘ஏங்க, திரும்பிருவமா’ன்னா. ‘எதுக்குட்டி, இப்பந்தான வந்தோம்’னேன். ‘சும்மாதான்’னா. கொஞ்ச தூரம் போயி திரும்பவும் வந்து, ‘ஒதுங்கணும்’னா. அம்புட்டு மெதுவாச் சொன்னா. நான் கோவப்படல பாத்துக்கிடுங்க. வேற ஒருத்தனா இருந்தா, ‘வீட்டுல போயிட்டு வர மாட்டியா’ன்னு விழுந்திருப்பான். நான் விசில எடுத்து ஊதுனேன். வரிசை நின்னிச்சி. ‘மேடத்துக்கு ஒரு சோலி இருக்கு. எல்லாரும் கடல் பக்கம் பாத்துத் திரும்புங்க. எபவுட் டர்ன். அடுத்த விசில் வரைக்கும் ஒருத்தரும் திரும்பக் கூடாது’ன்னு சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைக மாதிரி எல்லாரும் திரும்பி நின்னாங்க. ஞானமுத்து அண்ணாச்சி கண்ணையும் சேத்து மூடிக்கிட்டாவ. நானும் திரும்பித்தான் நின்னேன்.

அப்புறம் பின்னால இருந்து, ‘வேண்டாம், நடங்க’ன்னா. பாத்தா நின்ன இடத்துலயே நிக்கா. நான் விசில் அடிச்சி வரிசைய நடக்க விட்டேன். அதுக்கப்புறம் திரும்பிருவமான்னு அவ ஒரு நாளும் கேட்டதில்ல. பழகிட்டான்னு நெனச்சேன். இத நானே டீக்கடையில எத்தனையோ பேருகிட்ட சொல்லியிருக்கேன், ஒழுங்குன்னா எப்படி இருக்கணும், பொம்பளைக்கு மரியாதைன்னா எப்படி இருக்கணும்னு. இப்பம் உங்ககிட்ட சொல்லும்போது அது வேற மாதிரி கேக்கு. டீக்கடையில சொல்லும்போது இப்படிக் கேக்கல.

சரி, சித்திரைக்கு வாறேன்.

கோயமுத்தூர்ல இருந்து ஒரு கூட்டம் வந்திருந்திச்சி. ஆம்பள பொம்பள எல்லாம் சேந்த கூட்டம். அன்னைக்குக் காலையிலயே இவ, ‘நான் வரல, இடுப்பு வலிக்கு, குளிருத மாதிரி இருக்கு’ன்னா. சித்திரை வெயில்ல யாருக்குக் குளிரும் சொல்லுங்க. நான் அவ நெத்தியத் தொட்டுக்கூடப் பாக்கல. ‘அவங்க ஒட்டகம் எங்கன்னு கேப்பாங்கட்டி, நான் என்ன சொல்லட்டும், வா, நடந்தாச் சரியாப் போவும்’னேன். வந்தா. அவ எப்பவும் வந்திருவா.

பனங்காடை ஒண்ணு உடைமரத்துல இருந்து எந்திரிச்சிப் பறந்துச்சி. ரெக்கைய விரிச்சா அந்த நீலத்தப் பாக்கணும் நீங்க. நான் எல்லாருக்கும் காட்டிட்டு இருக்கேன். இவ கொஞ்சம் பின்னால மணல்ல உக்காந்துட்டா. நான் திரும்பிப் பாத்தேன் தம்பி, பாக்காம இல்ல. குழியானை பாக்கான்னு நெனச்சிக்கிட்டேன். திரும்பவும் பனங்காடையப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டேன். அந்தக் கூட்டத்துல வந்த ஒரு அம்மாதான், ‘சார், மேடம் விழுந்துட்டாங்க’ன்னு கத்துனாங்க. ஓடிப் போயிப் பாத்தா ஒருக்களிச்சிக் கிடக்கா, கண்ணு மேல போயிட்டு, சேலை நனைஞ்சி மணலு எல்லாம் ஒட்டியிருக்கு. அத்தன பேரும் சுத்தி நின்னு பாக்காங்க. அன்னைக்கு யாரையும் திரும்பி நில்லுங்கன்னு சொல்ல எனக்குத் தோணல.

அந்த அம்மா தன் துப்பட்டாவ எடுத்து இவ மேல போட்டாங்க. அப்புறம் ஒரு பெட்சீட்டுல வச்சி, நாலு பேராத் தூக்கிட்டு ரோடு வரைக்கும் வந்தோம். நானும் ஒரு முனையப் பிடிச்சிருந்தேன். மணல்ல காலு புதையுது. வழி பூரா அவ மொகத்த மட்டும் பாத்துட்டே வந்தேன்.

திருநெவேலியில ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். டாக்டர் சின்னப் பொண்ணு, எங்க மக வயசு இருக்கும். மூத்திரத்துல கிருமி சேந்து, கிட்னிக்கு ஏறி, ரத்தத்துலயும் கலந்துட்டுன்னு சொன்னா. ஒரு கிட்னி சுருங்கிக் கிடக்காம், அது இன்னைக்கு நேத்தைக்கு வந்தது இல்லையாம். ரெண்டு நாளு போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்னுட்டா. ‘தண்ணி நல்லாக் குடிப்பாங்களா சார்’னு கேட்டா. வாயில வழக்கமா வாறது வந்துட்டு. ‘எங்க டாக்டர், அவ ஒட்டகம்லா’ன்னேன். சொல்லிட்டு லேசாச் சிரிச்சேன் போல. அந்தப் பொண்ணு சிரிக்கல. என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வைய எந்த மேலதிகாரிகிட்டயும் நான் வாங்குனதில்ல.

கண்ணு முழிக்க மூணு நாளாச்சி. அந்த மூணு நாளும் நான் எப்படி இருந்தேன்னு சொல்லத் தெரியல. வீட்டுக்குக் குளிக்க வந்தா அடுப்படியில எல்லாம் அவ வச்ச இடத்துல இருக்கு. என் உயர வரிசைய அவ எப்பமோ கலைச்சி, தனக்குத் தோதா வச்சிருக்கா. நான் கவனிக்கவே இல்ல.

நாலாம் நாளு எஸ்தர் டீச்சர் பாக்க வந்தாவ. டாக்டரும் உள்ள இருந்தா. ‘நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்’னா. நான் போயி இளநீ ஒண்ணு வெட்டி வாங்கிட்டு வந்து, கதவுக்கு வெளிய நின்னேன். கதவு சாத்தல, திரைதான் தொங்குது. ஒட்டுக்கேக்கணும்னு நிக்கல. உள்ள போகலாமா வேண்டாமான்னு நின்னேன்.

சக்திதான் பேசுதா. ‘காலையில அரை டம்ளர் காப்பி டாக்டர். அதுக்கப்புறம் வீடு வந்து சேருத வரைக்கும் ஒரு வாய் தண்ணி கிடையாது. பள்ளிக்கூடத்துல எங்க போக’ங்கா. எஸ்தர் டீச்சர் சொல்லுதாவ, ‘பின்னால உடைமரக் காடுதான். முடியாத நாள்ல இவ சேலைய நான் பிடிச்சிட்டு நிப்பேன், என் சேலைய இவ பிடிச்சிட்டு நிப்பா. பசங்க எட்டிப் பாப்பானுவ. அதுக்குத் தண்ணி குடிக்காமலே இருந்திரலாம்னு பழகிட்டோம்.’ ரிட்டயர் ஆன பொறவு குடிக்க வேண்டியதுதானன்னு டாக்டர் கேட்டா. ‘அப்புறம்தான் தேரி வந்துட்டே’ங்கா சக்தி.

அப்புறம் அந்த எபவுட் டர்ன் கதையச் சொன்னா. என்னை மாதிரியே சொன்னா தம்பி, விசில் சத்தம் கூட வாயாலயே போட்டா. எஸ்தர் டீச்சர் சிரிச்சி சிரிச்சி இருமல் வந்துட்டு. டாக்டர் பொண்ணும் சிரிச்சா. சக்தியும் சிரிச்சா. என் பெண்டாட்டி இப்படி வாய் விட்டுச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாது. சிரிச்சிட்டே வந்தவ நடுவுல நிறுத்துனா. ‘அத்தன பேரும் முதுகு காட்டிட்டு நிக்காங்க டாக்டர். ஒரு ஆளுக்கு மட்டும் தோளு குலுங்குது. சிரிப்ப அடக்க முடியல. யாருன்னு பாத்தா, எங்க வீட்டுக்காரரு’ன்னா.

நான் சிரிச்சேனா தம்பி? எனக்கு ஞாபகம் இல்ல. சத்தியமா ஞாபகம் இல்ல. எத்தனையோ தடவை நெனச்சிப் பாத்துட்டேன். கடல் பக்கம் பாத்துட்டு நின்னது ஞாபகம் இருக்கு, காத்து அடிச்சது ஞாபகம் இருக்கு. சிரிச்சது ஞாபகம் இல்ல. அவ பொய் சொல்ல மாட்டா.

இளநீய நர்சு கிட்ட குடுத்துட்டு கீழ போயி மரத்தடியில உக்காந்தேன். அங்கதான் பைக் ஞாபகம் வந்திச்சி. சாயங்காலம் கூட்டிட்டு வருவேன்னு சொன்னேன்லா. வீட்டு வாசல்ல வண்டி நிக்குமுன்னயே இவ குதிச்சி எறங்கி, புறவாசலப் பாத்து ஓடுவா. எனக்கு வாசல் கேட்ட முழுசாத் தொறந்து விடக்கூட நிக்க மாட்டா. நானே எறங்கித் தொறந்து வண்டிய உள்ள தள்ளணும். சர்வீஸ் பூரா இதுக்காக அவளத் திட்டியிருக்கேன். ‘புருசன் வந்தான்னு ஒரு மரியாதை இல்ல, கேட்டத் தொறக்கத் துப்பு இல்ல’ன்னு. ஒரு நாளாவது எங்க ஓடுதான்னு யோசிச்சிருக்கணும்லா. அந்தப் பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழாவுக்கு நானே போயிருக்கேன். சுத்தி வந்து பாத்திருக்கேன், ஓட்டப்பந்தயத்துக்கு எடம் பத்தாதுன்னு குறை சொல்லியிருக்கேன். நானே சுவத்துக்குப் பின்னால போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வந்தவன்தான். பொம்பளைக்கு எங்க எடம்னு மட்டும் பாக்கல.

ஆனா ஒண்ணு கேக்கேன் தம்பி, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? எஸ்தர் டீச்சருக்குத் தெரியுது. பாத்து ஒரு வாரம் கூட ஆகாத டாக்டர் கிட்ட சொல்ல முடியுது. எனக்கு மட்டும் சொல்ல முடியல. நான் என்ன அந்நியனா? அந்தக் கோவம் எனக்கு இன்னமும் கொஞ்சம் இருக்கு. அவகிட்டயே கேட்டேன். ‘சொன்னேன்லா’ன்னு மட்டும் சொன்னா.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறுனா. தெனம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும், அடக்கவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. இருக்கிற ஒரு கிட்னியக் காப்பாத்தணும்லா. நான் சும்மா இருப்பேனா. தப்பு நடந்தா சரி பண்ணணும், அதுதான என் தொழில். மூங்கில் கம்பு நாலு வாங்கி, கீழ கூர் சீவி, அவ பழைய சேலைய நாலு பக்கமும் தச்சி, மணல்ல ஊனுத மாதிரி ஒரு மறைப்பு செஞ்சேன். சுருட்டித் தோள்ல போட்டுக்கிடலாம். உள்ள ஆள் இருந்தா தெரியட்டும்னு மேல ஒரு சிவப்புக் கொடி வேற. முத்தத்துல அத நட்டு வச்சி அவளக் கூப்பிட்டுக் காட்டுனேன். ‘நான் முன்னால போயி நட்டுருவேன், நீ போனதும் கொடிய ஏத்திரலாம், ஒரு பய கிட்ட வரமாட்டான், அதுவரைக்கும் வரிசை நிக்கும்’னேன். அவ அந்தக் கொடியப் பாத்துட்டே நின்னா. பக்கத்து வீட்டு மாடியில இருந்து ஆளு பாக்கு. எனக்கு அது அப்பவும் ஒறைக்கல.

உள்ள போயிட்டா. நானும் பின்னாலயே போனேன். அவ செம்புல தண்ணி மோந்து குடிச்சா. நின்னு நிதானமாக் குடிச்சிட்டு, செம்பக் கவுத்தி வச்சிட்டுச் சொன்னா: ‘டாக்டர் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்கா. உங்ககூட வந்தா என்னால குடிக்க முடியாதுங்க.’

கோவமாச் சொல்லல தம்பி. மருந்துச் சீட்டுல உள்ளத வாசிக்கிற மாதிரிதான் சொன்னா. நான் கம்பப் பிடுங்கி விறகோட போட்டேன். விசில எங்கயோ வச்சேன், எங்கன்னு தெரியல, தேடவும் இல்ல. ஞானமுத்து அண்ணாச்சி வந்து கூப்பிட்டாவ, உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன். ஊருல சிலபேரு, பெண்டாட்டி சாகக் கெடந்தாள்லா, அந்தப் பயத்துல போறதில்லன்னு பேசுதாங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அவ போறா. இப்பம் அங்கதான் போயிருக்கா. எஸ்தர் டீச்சரும், தெருவுல இன்னும் மூணு நாலு பொம்பளைங்களும். ரொம்ப தூரம் போறதில்ல போல. வரிசை கிடையாது, விசில் கிடையாது. போற வழியெல்லாம் பேச்சுதான், அப்படிப் பேசிட்டுப் போனா ஒரு மயில் நிக்குமா? ஆனா வந்து ஏதாவது சொல்லுதா. நரி பாத்தோம்பா, கௌதாரி குஞ்சு பொரிச்சிருக்கும்பா. வந்ததும் பாட்டிலக் கழுவிக் கவுத்துவா. கொண்டு வரும்போதே காலியா இருக்கும். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்து அந்தப் பாட்டிலப் பாப்பேன். அதப் பாக்கும்போது சந்தோசமாவும் இருக்கு, தலையத் தூக்கவும் முடியல. ஒரு தடவ, ‘நானும் உங்க பின்னால தள்ளி வரட்டுமா’ன்னு கேட்டுப் பாத்தேன். ‘பாப்போம்’னா. அது ஆச்சி ரெண்டு மாசம். நான் திரும்பக் கேக்கல.

வாசல் கேட்டு தொறக்கிற சத்தம் கேக்கு. அவதான். தம்பி, ஒரு உதவி. நான் இதெல்லாம் உங்ககிட்ட சொன்னேன்னு காட்டிக்கிடாதீங்க. ஒரு ஆம்பளகிட்ட போயி இதச் சொல்லியிருக்கேன்னு தெரிஞ்சா, இப்பம் வந்து சொல்லுத நாலு வார்த்தையையும் அவ நிறுத்திருவா. தேரியப் பத்திப் பேசிட்டு இருந்தோம்னு இருக்கட்டும்.

வா சக்தி. இவரு மதுரையில இருந்து… கூட யாரு இது? யாரும்மா நீ? என்னது, வண்டிக்குள்ளயா? இம்புட்டு நேரமா வண்டிக்குள்ளயா உக்காந்திருந்திச்சி?

உங்க வீட்டுக்காரியா தம்பி?

அஞ்சு நிமிசத்துல கேட்டுட்டு வந்திருவேன்னு சொல்லிட்டு எறங்குனீங்களா. சரி. உங்களச் சொல்லி என்ன, நான்தான் பிடிச்சி உக்கார வச்சிட்டேன். எந்திரிச்சீங்க, நான் விடல. வாசல்ல கார் ஓடிட்டே நிக்கிற சத்தம் எனக்கு முதல்ல இருந்தே கேட்டுச்சி. கூட யாரும் வந்திருக்காங்களான்னு ஒரு வார்த்தை நான் கேக்கல.

பாத்தீங்களா, உங்களையும் பாக்கல, என்னையும் பாக்கல, அந்தப் பிள்ளையக் கையப் பிடிச்சி நேரா புறவாசலுக்குக் கூட்டிட்டுப் போறா. எதுக்குன்னு கேக்கவே இல்ல பாருங்க. மொகத்தப் பாத்தே தெரிஞ்சிருக்கு. அங்க பாக்காதீங்க தம்பி, இங்கன பாருங்க.

எப்பம் கிளம்புனீங்க மதுரையில? மத்தியானம் சாப்பிட்ட கையோடயா. வழியில எங்கயும் நிறுத்துனீங்களா? எட்டயபுரத்துல, டீக்கடையில. சரி. நீங்க எறங்கி டீ குடிச்சீங்க.

அந்தப் பிள்ள குடிச்சிச்சா?